கிடங்குகளில் குடியேறியவர்கள்: லாஸ் ஏஞ்சலஸ் ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நடுப்பகுதியில், ஆற்றங்கரையை ஒட்டி, ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்ட் என்றொரு பேட்டை இருக்கிறது. பெயரிலேயே கலை இருக்கிறது. அந்தப் பெயரை அதற்கு வாங்கித் தந்த தலைமுறையில் பலர் இன்று அங்கே இல்லை. வாடகை அவர்களை அனுப்பிவிட்டது. மிஞ்சியிருப்பவர்களோ வந்த மாற்றத்தை மனதாரத் திட்டவும் முடியாமல் வாழ்த்தவும் முடியாமல் இருக்கிறார்கள். இந்த இரட்டை மனத்தைக் குழப்பம் என்று தள்ளிவிடுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருவில் புதிதாக நட்ட மரத்தைப் பார்த்து ஒருவர் நிழல் வந்தது என்று மகிழ்கிறார்; பக்கத்து மாடியில் இருப்பவர் அடுத்த ஆண்டு வாடகை ஏறுமே என்று அஞ்சுகிறார். யார் மகிழ்வார், யார் அஞ்சுவார் என்பது பெரும்பாலும் அவரவர் பெட்டியில் இருக்கும் பத்திரத்தைப் பொறுத்தது. அதை மனத்தில் வைத்துக்கொண்டே கீழுள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

சரியாக எந்த இடத்தைச் சொல்கிறீர்கள்?

மேற்கே அலமீடா தெரு, கிழக்கே லாஸ் ஏஞ்சலஸ் ஆறு. வடக்கே முதலாம் தெருவையும் தெற்கே ஏழாம் தெருவையும் கொஞ்சம் தாண்டும். ஆறு என்றதும் மணலையும் நாணலையும் நினைக்க வேண்டாம். 1938-இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு அடியிலும் கரையிலும் கான்கிரீட் போட்டு வாய்க்காலாக்கிய ஆறு அது. பேட்டையின் வடமேற்கில் லிட்டில் டோக்கியோ, மேற்கில் வீடற்றோர் ஆயிரக்கணக்கில் வாழும் ஸ்கிட் ரோ, ஆற்றின் அக்கரையில் பாயில் ஹைட்ஸ். இந்த மூன்று அயல்களையும் விட்டுவிட்டு ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்டை மட்டும் பேசினால் கதை பாதிதான் கிடைக்கும்.

‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்பதற்கு என்ன பொருள்?

1964-இல் லண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளை வசதி படைத்தவர்கள் ஒவ்வொன்றாக வாங்கிப் புதுப்பித்ததைப் பற்றி எழுதும்போது சமூகவியலாளர் ரூத் கிளாஸ் உருவாக்கிய சொல் அது. நிலமும் குடிப்பெருமையும் உடைய மேட்டுக்குடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுத்தார். இந்தப் பக்கத்தில் மேட்டுக்குடியாக்கம் என்று சொல்கிறேன். வீடு அழகாவது அதில் ஒரு பாதி. அந்த அழகுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் வெளியேறுவது மறு பாதி. முதல் பாதி நடந்து இரண்டாம் பாதி நடக்காத இடத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது.

கலைஞர்கள் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது?

திராட்சைத் தோட்டம். 1830-களில் பிரான்சின் போர்தோ வட்டாரத்திலிருந்து வந்த ழான் லூயி வீஞ் அங்கே கொடி நட்டு மது வடித்தார். 1841-இல் வில்லியம் வுல்ஃப்ஸ்கில் அருகிலேயே ஆரஞ்சுத் தோப்பு வைத்தார். கலிபோர்னியாவில் விற்பனைக்காக வைத்த முதல் ஆரஞ்சுத் தோப்பு அதுதான் என்று சொல்லப்படுகிறது. பழத்தை ஏற்றிச் செல்ல ரயில் வந்தது. ரயில் வந்ததும் தோட்டம் போய்க் கிடங்குகள் வந்தன. சாண்டா ஃபே ரயில்வே 1907 வாக்கில் கட்டிய சரக்கு நிலையம் ஏறத்தாழ கால் மைல் நீளம். மாவு மில், பிஸ்கட் ஆலை, மசாலாவும் காப்பித்தூளும் அரைத்த ஆலை, ஃபோர்டு நிறுவனம் கார்களைப் பொருத்திய ஐந்து மாடிக் கட்டடம் என்று அந்தக் காலத்துச் செங்கல்லும் கான்கிரீட்டும் இன்றும் நிற்கின்றன.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சரக்கு ரயிலை விட்டு லாரிக்கு மாறியது. பெரிய லாரிகள் அந்தக் குறுகிய தெருக்களில் திரும்ப முடியவில்லை. ஆலைகள் புறநகர்களில் ஒற்றை மாடிக் கூடங்களுக்குப் போயின. 1970-களில் பல கட்டடங்கள் புறாக்களின் கையில் இருந்தன.

கலைஞர்கள் ஏன் அங்கே போனார்கள்?

சதுர அடிக்குச் சில சென்ட் வாடகை. வடக்கு நோக்கிய பெரிய சன்னல்கள். பெரிய சிற்பத்தை ஏற்றி இறக்கச் சரக்கு மின்தூக்கி. இரவில் வெல்டிங் செய்தாலும் புகார் சொல்ல அண்டை வீடு இல்லை. இவ்வளவும் வேறெங்கும் கிடைக்காது.

ஆனால் அங்கே குடியிருப்பது சட்டவிரோதம். நிலம் தொழிற்பகுதி என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. நகராட்சி ஆய்வாளர் வந்தால் கட்டிலையும் அடுப்பையும் மறைக்க வேண்டும். மளிகைக் கடை கிடையாது, தெருவிளக்கு அரிது, குப்பை வண்டி வராது. கழிவறைக் குழாயையும் மின்கம்பியையும் அவர்களே போட்டுக்கொண்டார்கள். இன்று விளம்பரத்தில் ‘தொழிற்கூட அழகு’ என்று விற்கப்படுவதை அன்று குளிரும் ஒழுகலுமாகவே அவர்கள் வாழ்ந்தார்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அந்த வீடுகளை வாழத் தக்கவையாக ஆக்கிய உழைப்பும் செலவும் பெரும்பாலும் வாடகைதாரர்களுடையவை. சொத்து மதிப்பு ஏறியபோது அந்தக் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

அரசு எப்போது ஏற்றுக்கொண்டது?

1981-இல் நகர மன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தொழிற்பகுதிக் கட்டடத்தில் கலைஞர்கள் வசித்துக்கொண்டே வேலை செய்யலாம் என்று அது அனுமதித்தது. அதற்குள் பேட்டைக்கு ஒரு முகம் வந்திருந்தது. அமெரிக்கன் ஹோட்டலின் தரைத்தளத்தில் 1979-இல் தொடங்கிய ஆல்ஸ் பார் பங்க் இசைக்குழுக்களின் மேடையாக 2001 வரை நடந்தது. 1983-இல் சமகாலக் கலை அருங்காட்சியகம் லிட்டில் டோக்கியோவில் போலீஸ் வண்டிகள் நின்ற கூடம் ஒன்றைக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரியைக் கொண்டு காட்சிக்கூடமாக மாற்றியது.

ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்ட் என்ற பெயர் 1990-களில்தான் அதிகாரபூர்வமாயிற்று. அதற்காக நகர மண்டபத்தில் படியேறி இறங்கியவர்களில் முதலில் நினைக்கப்படுபவர் ஜோயல் புளூம். ட்ராக்ஷன் அவென்யூவில் அவர் வைத்திருந்த பலசரக்குக் கடைதான் பேட்டையின் முதல் கடை, தகவல் பலகை, திண்ணை எல்லாம். 2007-இல் அவர் காலமானார். கடையும் சில ஆண்டுகளில் போய்விட்டது. அந்த முக்கோணச் சந்திப்பு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாற்றம் எப்போது வேகமெடுத்தது?

1999-இல் வந்த மறுபயன்பாட்டுச் சட்டம் ஒரு திருப்பம். காலியாகக் கிடந்த பழைய அலுவலகக் கட்டடங்களையும் ஆலைகளையும் வீடுகளாக்க விதிகளை அது தளர்த்தியது. பிஸ்கட் ஆலையும் பொம்மை ஆலையும் விலை உயர்ந்த லாஃப்ட் வீடுகளாயின, அதாவது உயர்ந்த கூரையும் தடுப்புச் சுவரில்லாத கூடமுமான வீடுகள். பழைய சரக்கு நிலையத்துக்கு 2000-களின் தொடக்கத்தில் சை-ஆர்க் என்ற கட்டடக் கலைப் பள்ளி வந்தது. 2014-இல் ரயில் பாதையை ஒட்டி ஒன் சாண்டா ஃபே என்ற 438 வீடுகள் கொண்ட நீண்ட வெள்ளைக் கட்டடம் எழுந்தது. 2016-இல் பழைய மாவு மில்லில், சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஹவுசர் அண்ட் வர்த் காட்சிக்கூடம் திறந்தது. 2019-இல் ஃபோர்டு கட்டடத்துக்கு வார்னர் மியூசிக் நிறுவனம் குடிவந்தது.

வரவேற்பவர்கள் யார்? வந்தேறிய பணக்காரர்கள் மட்டும்தானா?

அப்படி நினைப்பது தவறு. 1980-களிலிருந்து அங்கே இருப்பவர்களிலும் வரவேற்பவர்கள் உண்டு. இரவில் தனியாக நடந்து வீடு திரும்ப அஞ்சிய பெண்ணுக்குத் தெருவிளக்கு என்பது சின்ன விஷயமா? பால் வாங்க வண்டி எடுத்துப் போக வேண்டியிருந்தவருக்கு மூலையில் ஒரு கடை வருவது, குழந்தை பிறந்தவருக்கு ஒரு பூங்கா வருவது, இவையெல்லாம் அவர்கள் பல ஆண்டுகள் மனுக் கொடுத்துக் கேட்டவை. சிலர் அந்தக் காலத்திலேயே கடன் வாங்கித் தங்கள் கூடத்தை விலைக்கு வாங்கினார்கள். அவர்களுக்கு இந்த ஏற்றம் முதுமைக்கால சேமிப்பு. ஓவியம் விற்று ஒருபோதும் சேர்த்திருக்க முடியாத தொகை செங்கல் சுவரில் சேர்ந்திருக்கிறது. அதற்காக அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர்களுக்கும் ஒரு வருத்தம் உண்டு. பக்கத்தில் இருந்த நண்பர்கள் போய்விட்டார்கள். வீடு நிலைத்தது, யாருக்காக அங்கே வந்தார்களோ அவர்கள் நிலைக்கவில்லை.

நல்ல வசதிகள் வந்தால் மகிழ வேண்டியதுதானே? ஏன் பயம்?

வாடகை வீடுகளிலேயே வளர்ந்தவள் நான். வீட்டுக்காரர் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் அனுப்பினால் என் அம்மா ஒருநாளும் மகிழ்ந்ததில்லை. சமையலறையில் நின்று விரல் மடித்து எண்ணுவார். இரண்டு மாதத்தில் வாடகையை ஏற்றுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அநேகமாக அப்படியே நடக்கும். ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்டில் காப்பிக் கடை திறந்ததற்காக வருந்தும் வாடகைதாரரைப் பற்றிப் படித்தபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவருக்குக் காப்பியின் மேல் பகை இல்லை. அந்தக் கடை யாருக்காகத் திறக்கப்பட்டது என்ற கேள்விதான் அவரை அரிக்கிறது.

அங்கே வாடகைக் கட்டுப்பாடு கிடையாதா?

உண்டு. ஆனால் ஓட்டைகள் சரியாக இந்தப் பேட்டையின் மேலேயே விழுந்திருக்கின்றன. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மொத்தக் கதையின் முடிச்சு இங்கேதான்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாடகைக் கட்டுப்பாடு பொதுவாக 1978 அக்டோபருக்கு முன் எழுந்த குடியிருப்புகளுக்கு. கலைஞர்களின் கூடங்களோ அதற்குப் பிறகு வீடாக மாறியவை. கட்டடத்துக்கு வயது நூறு என்றாலும் அதில் குடியிருக்கும் உரிமைக்கு வயது குறைவு. அந்தச் சட்டம் பொருந்துமா, பொருந்தாதா என்பதே பல இடங்களில் வழக்குக்குரிய கேள்வியாயிற்று.

அடுத்தது வணிக ஒப்பந்தம். பல கலைஞர்கள் கையெழுத்திட்டது வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்ல, தொழிற்கூடத்துக்கான ஒப்பந்தம். கலிபோர்னியாவில் கடை, ஆலை, அலுவலகம் போன்றவற்றின் வாடகையை எந்த நகரமும் கட்டுப்படுத்தக் கூடாது என்று 1987-இல் மாநிலச் சட்டம் வந்துவிட்டது. ஆக, இருபது ஆண்டுகள் அங்கே தூங்கி எழுந்து பிள்ளை வளர்த்தவரும் காகிதத்தில் ஒரு கடைக்காரர்தான். பழைய காப்பிக் கடைகளும் உணவகங்களும் ஒப்பந்தம் முடிந்த மாதத்திலேயே மூடுவதற்கும் காரணம் இதுவே.

மூன்றாவது, 1985-இன் எல்லிஸ் சட்டம். வாடகைத் தொழிலிலிருந்தே விலகுகிறேன் என்று உரிமையாளர் சொன்னால், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீட்டிலிருந்தும் குடியிருப்பவரை வெளியேற்றலாம். 1995-இல் வந்த கோஸ்டா-ஹாக்கின்ஸ் சட்டம், வீடு காலியானதும் அடுத்தவருக்குச் சந்தை வாடகை கேட்க இடம் கொடுத்தது. பழைய குடித்தனக்காரர் வெளியேறுவதில் உரிமையாளருக்கு எவ்வளவு ஆதாயம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2019-இல் மாநிலம் தழுவிய சட்டம் ஒன்று, 15 ஆண்டுக்கு மேற்பட்ட பல கட்டடங்களில் ஆண்டு வாடகை உயர்வுக்கு 10 விழுக்காடு உச்ச வரம்பு வைத்தது. நல்ல சட்டம். ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்டின் பழைய தலைமுறைக்கு அது தாமதமாக வந்தது.

இதற்கு ஒரு எடுத்துக்காட்டுச் சொல்ல முடியுமா?

ட்ராக்ஷன் அவென்யூ 800-ஆம் எண் கட்டடம். பழைய காப்பி, மசாலா ஆலை. அதில் பல பத்தாண்டுகளாகக் கலைஞர்கள் வசித்தார்கள். கணிசமானவர்கள் ஜப்பானிய அமெரிக்கர்கள், முதிய வயதினர். 2017-இல் கட்டடம் கை மாறியது. காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது. இது வீடு என்று அவர்கள் சொல்ல, ஒப்பந்தம் வணிக ஒப்பந்தம் என்று எதிர்த்தரப்பு சொல்ல, 2018-இல் அவர்கள் வெளியேறும்படி ஆயிற்று.

அந்தக் கட்டடத்துக்கு வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கேட்டபோது, விண்ணப்பத்தில் ஆலையின் வரலாறு இருந்த அளவுக்கு அங்கே வாழ்ந்த ஜப்பானிய அமெரிக்கக் கலைஞர்களின் வரலாறு இல்லை என்று வாடகைதாரர்களும் லிட்டில் டோக்கியோ மக்களும் வாதாடினார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. செங்கல்லைக் காப்பாற்றுவதற்கு இத்தனை பேர் கூடி அக்கறை காட்டும் நகரத்தில், அந்தச் செங்கல்லுக்குள் இருந்த மனிதருக்குப் பாதுகாப்பு எந்தத் துறையிடமும் இல்லை.

மேட்டுக்குடியாக்கத்தைத் தொடங்கி வைத்ததே கலைஞர்கள்தானே?

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை என்று இதைச் சொல்லலாம். அங்கே இருக்கும் பழைய கலைஞர்கள் தங்களைக் கரையானாகவே பார்க்கிறார்கள். ஓரளவு உண்மை. அவர்கள் குடியேறியபோது யாரையும் துரத்தவில்லை; கட்டடங்கள் காலி. கட்டட முதலாளிகள் பிறகு விற்றது அவர்கள் உருவாக்கிய சூழலைத்தான்.

ஆனால் எல்லாக் கட்டடங்களும் காலியாக இருந்தன என்பதும் சரியல்ல. மீன் பதப்படுத்தும் கூடம், குளிர்பதனக் கிடங்கு, காய்கறி மொத்த வணிகம், துணி ஆலை என்று வேலை நடந்த இடங்களும் பேட்டை முழுக்க இருந்தன. அங்கே மணிக்கூலிக்கு வேலை செய்தவர்களில் பலர் அக்கரையிலிருந்து வந்தவர்கள். தொழிற்பகுதி நிலம் வீட்டு நிலமாக மாறும்போது அவர்களுடைய வேலை நகரத்தை விட்டே போகிறது. ‘இரவில் லாரி சத்தம் போடுகிறது’ என்று புது லாஃப்ட்வாசி புகார் கொடுத்தால் அது ஓர் ஆலைக்கு நெருக்கடி. இந்தத் தொழிலாளர்களைப் பற்றிப் பேட்டிகளில் மிகக் குறைவாகவே வருகிறது. ஓவியருக்குக் கண்காட்சி இருக்கிறது, பத்திரிகை நண்பர் இருக்கிறார். மீன் வெட்டுபவருக்கு யார் இருக்கிறார்கள்?

லிட்டில் டோக்கியோ ஏன் இவ்வளவு கவலைப்படுகிறது?

அது முதல் முறை இழப்பது அல்ல. 1942-இல் அமெரிக்க அரசு அங்கிருந்த ஜப்பானிய அமெரிக்கர்களை மொத்தமாகத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பியது. காலியான வீடுகளில் தெற்கு மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் நெருக்கியடித்துக் குடியேற, அந்த இடத்துக்கு பிரான்ஸ்வில் (Bronzeville) என்று பெயர் வந்தது. போர் முடிந்து சிலர் திரும்பினார்கள். 1950-களில் போலீஸ் தலைமையகம் கட்ட ஒரு தொகுதியே இடிக்கப்பட்டது. இப்போது வாடகை. 1972-இல் தொடங்கிய சுவேஹிரோ உணவகம் முதலாம் தெருவிலிருந்த தன் இடத்தை 2024 ஜனவரியில் இழந்தது. அதே ஆண்டு, அமெரிக்காவில் அழிவின் விளிம்பில் இருக்கும் 11 வரலாற்று இடங்களின் பட்டியலில் லிட்டில் டோக்கியோவைத் தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளை சேர்த்தது.

2023 ஜூனில் அங்கே நிலத்தடி ரயில் நிலையம் திறந்தது. ‘லிட்டில் டோக்கியோ / ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்ட்’ என்று இரண்டு பெயரும் சேர்ந்த பலகை. வசதிதான். ரயில் வந்ததும் நிலத்தின் விலை என்னாகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அக்கரையில் காட்சிக்கூடங்களை எதிர்த்துப் போராடினார்களாமே? கலையை எதிர்ப்பது நியாயமா?

பாயில் ஹைட்ஸ் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர் வாழும் தொழிலாளர் பகுதி. 2010-களின் நடுவில் ஆற்றோரக் கிடங்குகளுக்குக் காட்சிக்கூடங்கள் வரத் தொடங்கின. 2016-இலிருந்து உள்ளூர் அமைப்புகள் ‘வெளியேறுங்கள்’ என்று வாசலில் நின்றன. 2017-இல் ‘பிஸ்ஸ்ட்’ என்ற காட்சிக்கூடம் மூடியது. 2018-இல் ‘356 மிஷன்’ மூடியது.

காட்சிக்கூடம் நடத்தியவர்களில் நல்லெண்ணம் உள்ளவர்கள் இருந்தார்கள், கிடங்கில் யாரும் குடியிருக்கவில்லை, சில இடங்களில் போராட்டம் மிரட்டல் அளவுக்குப் போனது. இவையெல்லாம் உண்மை. ஆனாலும் போராடியவர்களின் வாதத்துக்கு விடை கிடைக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவர்கள் முப்பது ஆண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கிடங்கில் ஓவியம், பிறகு காப்பி, பிறகு வாடகை. ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்டிலிருந்து துரத்தப்பட்ட கலைஞர் அக்கரையில் மலிவான கூடம் தேடிப் போகும்போது, தான் எதிலிருந்து தப்பி வந்தாரோ அதன் முன்னோடியாகவே அங்கே பார்க்கப்படுகிறார். அந்தப் பழியை அவர் மேல் சுமத்துவது கொடுமை. அதை இல்லையென்று மறுப்பதும் பொய்.

‘கலைக்கு எதிரானவர்கள்’ என்று பாயில் ஹைட்ஸ் மக்களைச் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். மெக்சிகோவின் நாட்டுப்புற இசையான மரியாச்சியை வாசிக்கும் கலைஞர்கள் 1930-களிலிருந்து வேலைக்காகக் கூடும் சதுக்கம் அங்கேதான் இருக்கிறது. 2017-இல் அதன் அருகே ஒரு குடியிருப்பில் சில வீடுகளுக்கு வாடகையை 60 முதல் 80 விழுக்காடு வரை ஏற்றினார்கள். அங்கே மரியாச்சி கலைஞர்களும் குடியிருந்தார்கள். குடியிருந்தோர் வாடகை கொடுக்க மறுத்து ஒன்றாக நின்றார்கள். மாதக்கணக்கில் நடந்தது. 2018 பிப்ரவரியில் ஒப்பந்தம் வந்தது: உடனடி உயர்வு 14 விழுக்காடு, அடுத்த ஆண்டுகளில் 5 விழுக்காட்டுக்கு மேல் இல்லை, மூன்றரை ஆண்டு ஒப்பந்தம், முடியும்போது கூட்டாகப் பேரம் பேசும் உரிமை. ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர் சூட்டப்படாத இடத்தில் கலைஞர்கள் இப்படித் தங்கினார்கள்.

ஸ்கிட் ரோ மக்களின் நிலை?

ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்டில் காவல் கூடும்போதெல்லாம் கூடாரங்கள் ஒரு தெரு தள்ளி நகர்கின்றன. அவ்வளவுதான் நடக்கிறது. 1985-இல் ஜான் மால்பீட் தொடங்கிய லாஸ் ஏஞ்சலஸ் பாவர்ட்டி டிபார்ட்மென்ட் என்ற நாடகக் குழு ஸ்கிட் ரோவில் வசிப்பவர்களையே நடிகர்களாகக் கொண்டு இன்றும் இயங்குகிறது. நகரின் கலைவரைபடங்களில் அதற்கும் இடம் வேண்டும்.

நிறைய வீடு கட்டினால் வாடகை குறையாதா?

கட்டத்தான் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் வீட்டுப் பற்றாக்குறை நிஜம். ஆலை நிலத்தில் கட்டும் வீடு யாருடைய வீட்டையும் இடிப்பதில்லை. ஒன் சாண்டா ஃபேயின் 438 வீடுகளில் 88 வீடுகள் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. அந்த 88 குடும்பங்களுக்கு அது வாழ்க்கை. ஆனால் நகரம் முழுவதும் வாடகை தணியப் பல ஆண்டுகள் ஆகும். அறிவிப்பு கையில் இருப்பவருக்குக் கெடு 60 நாள். வாடகைதாரர் பாதுகாப்பையும் புதிய கட்டுமானத்தையும் எதிரெதிராக நிறுத்துவோருடன் எனக்கு உடன்பாடில்லை.

ஒதுக்கீட்டு வீட்டுக்கும் காலக்கெடு உண்டு என்பதை மறக்க வேண்டாம். பேட்டைக்குத் தெற்கே, பழைய மரச்சாமான் ஆலையில் 1980-களில் அரசு உதவியோடு உருவான சாண்டா ஃபே ஆர்ட் காலனியில் 57 கூடங்கள். வாடகையைத் தாழ்வாக வைக்கும் நிபந்தனை 30 ஆண்டுக்குத்தான். அது முடிந்ததும் வாடகை எகிறியது. முப்பது வயதில் குடியேறியவருக்கு அப்போது அறுபது.

தெருச் சுவர்களில் இவ்வளவு ஓவியம் இருக்கிறதே, கலை வாழ்கிறது என்றுதானே பொருள்?

சுவர் வாழ்கிறது. வண்ணம் அழகாகவே இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஆனால் புகைப்படம் எடுக்க வரும் கூட்டத்துக்காக வீட்டு முதலாளி வரையச் சொன்னதும், பொருள் விற்க நிறுவனம் வரையச் சொன்னதும் அதே சுவர்களில் கலந்திருக்கின்றன. வரைந்தவர் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டால் பெரும்பாலும் வேறு ஊர்ப் பெயர் வரும்.

கொரோனாவுக்குப் பிறகு நிலைமை மாறியதா?

அலுவலகங்கள் காலியாயின, மதிய உணவுக் கூட்டம் குறைந்தது, பெயர் பெற்ற உணவகங்கள் சில மூடின. ‘பார்த்தீர்களா, மேட்டுக்குடியாக்கம் முடிந்தது’ என்று சிலர் எழுதினார்கள். காலி அலுவலகம் எதுவும் பழைய வாடகைக்கு ஓவியருக்குத் திரும்பி வரவில்லை. காலியாகவே வைத்திருக்கும் வசதி பெரிய முதலாளிக்கு உண்டு.

யாராவது தங்கியிருக்கிறார்களா? எப்படி?

தங்கியிருக்கிறார்கள். வாங்கியவர்கள் ஒரு பகுதி. இன்னொரு பகுதி, லாபநோக்கற்ற அமைப்பின் கையில் கட்டடம் இருந்ததால் தங்கியவர்கள். நான்காம் பிளேஸில் இருக்கும் ஆர்ட் ஷேர் கட்டடத்தில் கீழே காட்சிக்கூடமும் மேடையும், மேலே கலைஞர்களுக்குச் சலுகை வாடகையில் 30 கூடங்கள். லிட்டில் டோக்கியோவில் 1979-இலிருந்து இயங்கும் லிட்டில் டோக்கியோ சேவை மையம் முதியோருக்கும் குடும்பங்களுக்கும் வீடுகளைத் தானே கட்டி வைத்திருக்கிறது. இவை சிறிய எண்கள். ஆனால் அங்கே குடியிருப்பவர் தெருவில் புது மரம் நட்டால் பயமின்றிப் பார்க்கலாம்.

போய்ப் பார்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ட்ராக்ஷன் அவென்யூவும் ஹ்யூவிட் தெருவும் சேரும் இடத்தில் நில்லுங்கள். ஜோயல் புளூமின் முக்கோணம் அது. எதிரே 1905-இல் கட்டிய அமெரிக்கன் ஹோட்டல். கறுப்பின ரயில் பணியாளர்களுக்கு அறை கொடுத்த விடுதியாகத் தொடங்கியது. 800-ஆம் எண் கட்டடம் அதே தெருவில். அங்கிருந்து கிழக்கே நடந்தால் பழைய சரக்கு நிலையம். அதன் கால் மைல் நீளத்தையும் ஒரு முறை நடந்துவிடுங்கள், கான்கிரீட் தூண்களின் வரிசை கூடவே வரும்.

பிறகு ஆறாம் தெருப் பாலம் ஏறுங்கள். 1932-இல் கட்டிய பழைய பாலத்தின் கான்கிரீட் உள்ளுக்குள்ளேயே வேதிவினையால் விரிசலிட்டுப் போனதால் 2016-இல் இடித்தார்கள். 58 கோடியே 80 லட்சம் டாலர் செலவில் எழுந்த புதிய பாலம் 2022 ஜூலையில் திறந்தது. வெள்ளை வளைவுகள் வரிசையாகத் துள்ளிப் போகும். நடுவில் நின்று திரும்பினால் ஒரு பக்கம் கண்ணாடி மாடிகள், மறு பக்கம் தாழ்ந்த ஓட்டு வீடுகள்.

இறங்கி வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் மரியாச்சி சதுக்கம். மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலம் அன்பளிப்பாகக் கொடுத்த கல் மண்டபம் நடுவில் இருக்கிறது. வார இறுதி மாலையில் போனால் வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்பு உடையில், பெரிய கித்தார்களை மடியில் சாய்த்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கார் ஒன்று வந்து நிற்கும். சன்னலை இறக்கி யாராவது கல்யாண வீட்டு முகவரியைச் சொல்வார்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு என்று நின்றபடியே பேசி முடித்துவிட்டு ஏறிப் போவார்கள்.